அந்தக் கடைசி ஊசி எப்படி வந்தது? நாய்க்கு விடை கொடுத்த மனிதர்களின் வரலாறு (நீண்ட இழை)

1/
வீட்டு நாய்க்கு வயசாகிடுச்சு. பதிமூணு, பதினாலு இருக்கும். பின்னங்காலைத் தூக்க முடியல. ரெண்டு சிறுநீரகமும் போயிடுச்சுன்னு கால்நடை மருத்துவர் சொல்லிட்டார். "ஊசி போட்டு அனுப்பிடலாமான்னு வீட்ல பேசிட்டு வாங்க" என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்த வீட்டில் அன்று இரவு யாரும் ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள். இந்த இழை அவர்களுக்கானது.

2/
நான் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் பொது மருத்துவர். ஆனாலும் இந்தக் கேள்வி என் அறைக்கும் வரும். பிரஷர் மாத்திரை எழுதி வாங்கிக்கொண்டு எழுந்தவர், கதவருகே போய்த் திரும்பி நின்று கேட்பார்.

"டாக்டர், எங்க நாய்க்கு ஊசி போடலாம்னு சொல்றாங்க. அதுக்கு வலிக்குமா? அப்புறம்... அது பாவம் இல்லையா?"

இவை இரண்டும் தனித்தனிக் கேள்விகள். "வலிக்குமா" என்பதற்கு மருத்துவ வரலாறு பதில் சொல்லும். "பாவமா" என்பதற்கு 1939இல் லண்டனில் நடந்த ஒரு சம்பவம் ஓரளவு பதில் சொல்லும். இரண்டையும் பார்ப்போம்.

3/
முதலில், "போயும் போயும் ஒரு நாய்க்கா இவ்ளோ அழுற?" என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம்.

1914இல் ஜெர்மனியின் பான் நகரத்துக்கு அருகே ஓபர்காசல் என்ற இடத்தில் கல் குவாரி வேலையாட்கள் ஒரு பழைய புதைகுழியைக் கண்டார்கள். உள்ளே ஓர் ஆண், ஒரு பெண். கூடவே ஒரு நாய்க்குட்டியின் எலும்புகள். அதன் வயது சுமார் 14,000 ஆண்டுகள். விவசாயமே தொடங்காத காலம்.

4/
பல பத்தாண்டுகள் கழித்து ஒரு கால்நடை மருத்துவரும் அவருடைய குழுவும் அந்த நாயின் பற்களை மறுபடி ஆராய்ந்தார்கள். முடிவுகள் 2018இல் வெளிவந்தன. பல்லின் எனாமலில் கோடு கோடாகச் சேதம் இருந்தது. குட்டியாக இருக்கும்போது டிஸ்டெம்பர் வந்த நாய்களுக்கு இருப்பது போன்ற சேதம்.

டிஸ்டெம்பர் வைரஸ் நம்ம தட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய சொந்தம். காய்ச்சல், வாந்தி, பேதி, வலிப்பு எல்லாம் வரும். கவனிப்பு இல்லாத குட்டி மூன்று வாரம் தாங்குவதே கஷ்டம்.

5/
ஆனால் இந்தக் குட்டி சுமார் ஐந்து மாத வயதில் நோய்வாய்ப்பட்டு, இடையிடையே தேறி, மறுபடி விழுந்து, ஏழு மாத வயதுவரை உயிரோடு இருந்திருக்கிறது. யாரோ அதற்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். கதகதப்பாக வைத்திருக்கிறார்கள். வாந்தியைத் துடைத்திருக்கிறார்கள். வேட்டைக்கும் காவலுக்கும் உதவாத, சாகக் கிடந்த குட்டிக்கு இதெல்லாம் செய்தார்கள் என்பதுதான் ஆய்வாளர்களின் கணிப்பு.

ஆகவே உங்கள் அழுகை ஃபிளாட் வாழ்க்கை கொண்டுவந்த புதுப் பழக்கம் இல்லை. அது விவசாயத்தைவிடப் பழசு.

6/
எகிப்தில் வீட்டு நாய் செத்தால் அந்த வீட்டார் தலை உட்பட உடம்பு முழுக்க மழித்துக்கொள்வார்கள் என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். பூனை செத்தால் புருவத்தை மட்டும் மழிப்பார்களாம். சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி இது. பங்காளி வீட்டுச் சாவுக்கு மொட்டை போடும் நமக்கு இதன் அர்த்தம் சட்டென்று புரியும்.

7/
நம்ம ஊருக்கு வருவோம். திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஒரு ஊர். அங்கே ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்தியது. எருமை மந்தையைக் காக்கும் சண்டையில் இறந்த கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல். அந்தக் கல்லில் அவன் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது.

நாய்க்குப் பெயரும் பொறித்திருக்கிறார்கள். கோவிவன். கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்றதையும் சேர்த்துப் பொறித்திருக்கிறார்கள். கல்லில் எழுத்து வெட்டுவது லேசான வேலையில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் உளி பிடிக்க வேண்டும். அப்படியிருந்தும் நாயின் பெயரை விட மனசு வரவில்லை.

8/
இன்னொன்று கர்நாடகத்தில், இன்றைய மண்டியா மாவட்டத்தின் ஆதகூர். இதற்குத் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்பு உண்டு. கி.பி. 949இல் அரக்கோணம் பக்கத்தில் இருக்கும் தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் இறந்தான். எதிரணியில் ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணன். அவனுக்குத் துணையாக வந்தவன் கங்க மன்னன் பூதுகன்.

பூதுகனுக்கு மணலேரன் என்று ஒரு வீரன் இருந்தான். "என்ன வேணுமோ கேள்" என்றான் மன்னன். மணலேரன் ஊரையோ பொன்னையோ கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டான்.

9/
பிறகு ஒரு நாள் காட்டுப்பன்றியோடு நடந்த சண்டையில் காளி இறந்துபோனது. பன்றியும் செத்தது. ஆதகூர்க் கோயில் முன்னால் காளிக்குக் கல் நட்டார்கள். அந்தக் கல்லுக்குப் பூசை நடக்க நிலமும் எழுதி வைத்தார்கள். பூசை செய்யாமல் சாப்பிடும் பூசாரிக்கு அந்த நாயின் பாவம் சேரும் என்று எச்சரிக்கையும் பொறித்தார்கள்.

ஒரு பேரரசின் போரையும் ஒரு நாயின் சாவையும் ஒரே கல்லில் சொன்னவர்கள் நம் பக்கத்து மண்ணின் மனிதர்கள். இன்று அந்தக் கல் பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

10/
சரி, அன்பு பழசு. ஆனால் வலியில்லாத சாவு?

அது ரொம்பப் புதுசு. மனித வரலாற்றின் பெரும் பகுதியில் குணமாக்க முடியாத நாய்க்கு இருந்த வழிகள் மூன்றுதான். தானாகச் சாகும்வரை காத்திருப்பது. அடித்தோ மூழ்கடித்தோ கொல்வது. துப்பாக்கி வந்தபிறகு சுடுவது. அன்பாக வளர்த்தவருக்கும் அதே மூன்று வழிதான்.

11/
நிலைமை மாறத் தொடங்கியது 1847இல். எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்சன் என்ற மகப்பேறு மருத்துவர் குளோரோஃபார்மை மயக்க மருந்தாகப் பயன்படுத்தினார். நினைவில்லாமல் செய்ய முடியும், அப்போது வலி தெரியாது என்பது உலகத்துக்கே புதிய செய்தியாக இருந்தது.

இந்தத் துறையில் அன்று பெரிய பெயர் ஜான் ஸ்நோ. 1854இல் லண்டன் பிராட் தெரு அடிபம்பில் இருந்து காலரா பரவியதைக் காட்டியவர் அவர்தான். விக்டோரியா ராணிக்குப் பிரசவத்தில் குளோரோஃபார்ம் கொடுத்தவரும் அவரே. அவருக்கு ஒரு நண்பர் இருந்தார், பெஞ்சமின் வார்ட் ரிச்சர்ட்சன். அவரும் மருத்துவர். ஸ்நோவின் வாழ்க்கைக் குறிப்பை எழுதியவர்.

12/
ரிச்சர்ட்சனுக்கு ஒரு கேள்வி இருந்தது. மனிதனுக்கு வலி தெரியாமல் அறுவை செய்ய முடிகிறதென்றால், விலங்குக்கு வலி தெரியாமல் சாவு கொடுக்க முடியாதா?

அப்போது லண்டனில் தெருவில் திரியும் நாய்களுக்கு ஒரு காப்பகம் இருந்தது. 1860இல் மேரி டீல்பி என்ற பெண்மணி தொடங்கியது. 1871இல் பேட்டர்சி பகுதிக்கு இடம் மாறியது. இன்றும் நடக்கிறது. யாரும் தேடி வராத, நோயுற்ற நாய்களை என்ன செய்வது என்பது அவர்களுக்குத் தினசரிப் பிரச்சினை.

13/
1884இல் ரிச்சர்ட்சன் அங்கே ஓர் அறை அமைத்துக் கொடுத்தார். குளோரோஃபார்ம் கலவை மீது கார்பன் மோனாக்சைடு வாயுவைச் செலுத்தி, அந்தக் காற்றை அறைக்குள் விடுவார்கள். நாய்கள் முதலில் மயங்கும், பிறகு இறக்கும். அடிப்பதோடும் மூழ்கடிப்பதோடும் ஒப்பிட்டால் இது பெரிய முன்னேற்றம்தான். அன்று பலரும் பாராட்டினார்கள்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அது கூட்டமாக அனுப்பும் அறை. தலையைத் தடவிக்கொடுக்கப் பக்கத்தில் யாரும் இருக்க முடியாது. வலியைக் குறைத்தது, தனிமையைக் குறைக்கவில்லை.

14/
அதே லண்டனில் அதே காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1881இல் ஹைட் பார்க்குக்கு அடிக்கடி விளையாட வரும் ஒரு குடும்பத்தின் குழந்தைகளுடைய நாய் செர்ரி இறந்துவிட்டது. அதற்குப் பிடித்த பூங்காவிலேயே புதைக்க முடியுமா என்று கேட்டார்கள். வாயில்காப்பாளர் தன் வீட்டுத் தோட்டத்தில் இடம் கொடுத்தார்.

ஒரு நாய்க்குக் கொடுத்த இடம் கொஞ்ச வருஷத்தில் சின்னச் சின்னக் கல்லறைகளால் நிறைந்தது. 1903இல் இடமில்லை என்று நிறுத்தினார்கள். 1899இல் பாரிஸை ஒட்டிய ஆனியேரில் செல்லப்பிராணிகளுக்கென்றே தனி மயானம் திறந்தார்கள். மனிதர்களுக்கு நல்ல முறையில் விடை கொடுக்கும் தேவை இருந்தது. அதற்கான மருந்துதான் இன்னும் வரவில்லை.

15/
மருந்தின் கதை 1864இல் தொடங்குகிறது. ஜெர்மன் வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் பார்பிட்யூரிக் அமிலம் என்ற பொருளைத் தயாரித்தார். அதற்கு மயக்கும் தன்மை கிடையாது. நாற்பது வருஷம் அது வேதியியல் புத்தகத்தில் தூங்கியது.

1903இல் எமில் ஃபிஷர், யோசப் ஃபான் மேரிங் என்ற இருவர் அதிலிருந்து பார்பிட்டால் என்ற பொருளை எடுத்து நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நாய்கள் அமைதியாகத் தூங்கிப்போயின. அடுத்த ஆண்டே வெரோனல் என்ற பெயரில் மனிதர்களுக்கான தூக்க மருந்தாகக் கடைக்கு வந்தது.

16/
இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இன்று உங்கள் நாய்க்குக் கொடுக்கும் மருந்துக் குடும்பம் முதலில் நாய்களிடம்தான் சோதிக்கப்பட்டது. மனிதன் தூங்க நாய் உதவியது.

இன்சுலினும் அப்படித்தான். 1921இல் டொரன்டோவில் பேன்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களிடம்தான் அதைக் கண்டறிந்தார்கள். என்னிடம் வரும் சர்க்கரை நோயாளி ஒவ்வொருவரும் அந்த நாய்களுக்குக் கடன்பட்டவர். மருத்துவர்களான நாங்களும்தான்.

17/
1930இல் அமெரிக்காவில் வோல்வைலர், டேபர்ன் என்ற இருவர் பென்டோபார்பிட்டாலைத் தயாரித்தார்கள். தொடர்ந்து அதே இருவர் தயோபென்டாலையும் கொண்டுவந்தார்கள். 1934இல் அதை மனிதர்களுக்கு அறுவைக்கான மயக்க மருந்தாகப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். கை நரம்பில் ஏற்றினால் பத்து எண்ணுவதற்குள் ஆள் நினைவிழப்பார்.

உங்கள் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருபது, முப்பது வருஷத்துக்கு முன்னால் பெரிய ஆபரேஷன் நடந்திருந்தால், தூங்க வைத்தது அநேகமாகத் தயோபென்டோனாக இருக்கும். ஆபரேஷன் தியேட்டரில் நாங்கள் "பென்டதால்" என்று சொல்வது அதைத்தான்.

18/
ஆக, வலிக்குமா என்ற கேள்விக்குப் பதில் இதோ.

இந்த மருந்து மூளையின் மேல்பகுதியைத்தான் முதலில் அணைக்கும். மூளையில் கிளர்ச்சியை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையைப் பல மடங்கு கூட்டும். நினைவு போய்விடும். வலியை உணரும் இடமும் சேர்ந்து போய்விடும். அதற்குப் பிறகுதான் மூச்சை நடத்தும் கீழ்மூளை நிற்கும். கடைசியாக இதயம்.

இந்த வரிசைதான் முக்கியம். மூச்சு நிற்பதை உணர அங்கே நினைவு இருக்காது. ஆபரேஷனில் நோயாளிக்கும் முதல் படி இதேதான். அளவு குறைவு, அவருக்காக நாங்கள் மூச்சு விடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

19/
நேரில் பார்க்கும்போது பயப்படாமல் இருக்க சில விஷயங்கள்.

முதலில் ஒரு சாதாரண மயக்க ஊசி போட்டு நாயை அமைதிப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். நல்ல மருத்துவர்கள் அவர்களாகவே செய்வார்கள். பிறகு காலில் வென்ஃபிளான் போட்டு மருந்து ஏற்றுவார்கள்.

கண் மூடாமலே இருக்கலாம். இறந்தபிறகு ஒன்றிரண்டு பெருமூச்சு வரலாம். தசை துடிக்கலாம். சிறுநீர் போகலாம். இவையெல்லாம் நினைவு போனபிறகு உடம்பு தானாகச் செய்வது. "அய்யோ, உசுரு இருக்கும்போதே விட்டுட்டோமோ" என்று வருஷக்கணக்கில் மனசைப் போட்டு வதைத்துக்கொள்ள வேண்டாம். ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்து உறுதி செய்யச் சொல்லுங்கள்.

20/
இப்போது இரண்டாவது கேள்வி. பாவமா?

1939 ஆகஸ்ட். இங்கிலாந்து போருக்குத் தயாராகிறது. விமானத் தாக்குதலில் விலங்குகளை என்ன செய்வது என்று ஆலோசனை சொல்ல அரசு ஒரு குழுவை அமைத்தது. அந்தக் குழு ஒரு துண்டறிக்கை வெளியிட்டது. முடிந்தால் பிராணிகளைக் கிராமத்துக்கு அனுப்புங்கள், பார்த்துக்கொள்ள ஆள் இல்லையென்றால் அவற்றின் உயிரை முடித்துவிடுவதே கருணை என்ற பொருளில் அதில் எழுதியிருந்தது. அது உத்தரவு இல்லை, வெறும் ஆலோசனை.

21/
செப்டம்பர் 3 அன்று போர் அறிவிப்பு வந்தது. அடுத்த சில நாட்களில் லண்டனில் கால்நடை மருத்துவமனைகள் முன்னால் வரிசை நின்றது. கையில் பூனைக்கூடை, கயிற்றில் நாய். அந்த முதல் வாரத்தில் மட்டும் சுமார் 4,00,000 நாய்களும் பூனைகளும் கொல்லப்பட்டதாகக் கணக்கு. ஒரு விலங்குநல அமைப்பிடம் குளோரோஃபார்ம் கையிருப்பே தீர்ந்துபோனது.

அப்போது லண்டனில் ஒரு குண்டுகூட விழுந்திருக்கவில்லை. தொடர் குண்டுவீச்சு தொடங்கியது ஓராண்டு கழித்து, 1940 செப்டம்பரில்தான்.

22/
வரிசையில் நின்றவர்கள் கொடூரமானவர்கள் இல்லை. அவர்களில் பலர் தங்கள் நாயை நேசித்தவர்கள்தான். குண்டு விழும், வீடு இடியும், நாய் மிரண்டு ஓடும், சோறு கிடைக்காது என்று பயந்தவர்கள். குழந்தைகளை ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிட்டு வந்த வாரம் அது.

அந்த நாய்களுக்கு என்ன நோய் இருந்தது? ஒன்றுமில்லை. நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த, வாலாட்டிக்கொண்டு வரிசையில் நின்ற நாய்கள். வலி மனிதர்களுடைய நெஞ்சில் இருந்தது. அதற்கான மருந்தை நாய்களுக்குக் கொடுத்தார்கள்.

23/
எல்லோரும் அப்படிச் செய்யவில்லை. பேட்டர்சி காப்பகம் அவசரப்படாதீர்கள் என்று சொல்லிப் போர் முழுக்க நாய்களைக் காத்தது. ஹாமில்டன் கோமகள் நீனா, தன்னுடைய ஃபெர்ன் பண்ணையைத் திறந்துவிட்டு நகரத்து விலங்குகளை அங்கே அழைத்துப்போனார். கால்நடை மருத்துவர்கள் பலர் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். கொஞ்ச நாளில் அவசரப்பட்டுவிட்டோமே என்று வருந்தியவர்கள் ஏராளம்.

பிறகு பல பத்தாண்டுகள் பிரிட்டனில் இதை யாரும் பெரிதாகப் பேசவில்லை. வரலாற்றாசிரியர் ஹில்டா கீன் 2017இல் இதைப் பற்றி முழுப் புத்தகம் எழுதினார்.

24/
இதில் இருந்து நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்று.

கருணைக்கொலை என்ற சொல்லில் கருணை யாருக்கு என்று கேட்க வேண்டும். நாயின் வலியைத் தீர்க்கவா, அல்லது நம் பயத்தைத் தீர்க்கவா?

1939இல் நம் பயத்துக்காக நாய்களைச் சீக்கிரம் அனுப்பினார்கள். இன்று நிறைய வீடுகளில் தலைகீழாக நடக்கிறது. நம் பயத்துக்காக ரொம்பத் தாமதப்படுத்துகிறோம். படுக்கைப்புண்ணில் புழு வைக்கும், மூச்சு இழுத்துக்கொண்டு கிடக்கும், தண்ணீர்கூட இறங்காது. "என் கையால எப்படி..." என்று நாள் தள்ளிப்போகும். பார்க்க இரண்டும் எதிரெதிர். ஆனால் இரண்டிலும் முடிவெடுப்பது நம் மனசு, அனுபவிப்பது நாய்.

25/
அப்படியானால் எப்போது? இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. 2004இல் அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் ஏழு கேள்விகள் கொண்ட மதிப்பெண் பட்டியல் ஒன்று கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண்.

வலி கட்டுக்குள் இருக்கிறதா, மூச்சு சரியாக விடுகிறதா?
சாப்பிடுகிறதா?
தண்ணீர் இறங்குகிறதா?
உடம்பைச் சுத்தமாக வைத்திருக்க முடிகிறதா?
உங்களைப் பார்த்தால் அதன் கண்ணில் சந்தோஷம் தெரிகிறதா?
எழுந்து நடமாட முடிகிறதா?
கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா?

26/
மொத்தம் 70இல் 35க்கு மேல் இருந்தால், இன்னும் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். அதற்குக் கீழே இறங்கினால் கால்நடை மருத்துவரிடம் உட்கார்ந்து பேச வேண்டிய நேரம்.

என் ஆலோசனை: வீட்டு காலண்டரில் தினமும் குறித்து வையுங்கள். நல்ல நாளுக்கு ஒரு டிக், கெட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. இரண்டு வாரம் போட்டால் காலண்டரே சொல்லிவிடும். தனியாக ஒருத்தர் போடாதீர்கள். குடும்பமாகப் போடுங்கள். "நீதான் கொன்னே" என்று பின்னாளில் ஒருவரை ஒருவர் சொல்லாமல் இருக்க அது உதவும்.

27/
நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது?

1953இல் மாநிலங்களவையில் விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர், கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல். அதன் தொடர்ச்சியாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் விலங்குநல வாரியம் அமைந்தபோது முதல் தலைவரும் அவரே.

உயிரோடு வைத்திருப்பதே கொடுமை என்ற அளவுக்குத் துன்பப்படும் விலங்கின் உயிரை முடிக்க அந்தச் சட்டத்திலேயே இடம் உண்டு. ருக்மிணி தேவி சைவ உணவை வாழ்நாள் முழுக்கப் பேசியவர். அவர் பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டத்தில் இப்படி ஒரு பிரிவு இருப்பதை யோசித்துப் பாருங்கள்.

28/
அதே சட்டம் இருந்த நாட்டில்தான் சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்து மின்சாரம் பாய்ச்சிக் கொன்று வந்தது. புளூ கிராஸ் அமைப்பு 1964இல் இருந்தே கருத்தடை வழியைச் சொல்லி வந்தது. 1996இல்தான் மாநகராட்சி கொல்வதை நிறுத்திக் கருத்தடைக்கு மாறியது.

2001இல் வந்த மத்திய அரசின் விதிகள், தீராத நோயும் உயிர்போகும் காயமும் உள்ள தெருநாய்க்கு மட்டும், அதுவும் தகுதியுள்ள கால்நடை மருத்துவர் வழியாக, மயக்க மருந்து கொடுத்துத்தான் முடிக்க வேண்டும் என்றன. ரிச்சர்ட்சன் 1884இல் கேட்ட கேள்வி நம் அரசிதழுக்கு வர 117 வருஷம் ஆனது.

29/
ஒரு மருத்துவராக இன்னொன்றும் சொல்ல வேண்டும். மனிதர்களுக்கு இந்த ஊசியை இந்தியாவில் யாரும் போட முடியாது. 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, மீளவே முடியாத நோயாளிக்குச் செயற்கை உயிர்காப்பை விலக்கிக்கொள்வதைத்தான். அதற்கும் கடும் நிபந்தனைகள்.

மனிதனால் "எனக்குப் போதும்" என்றோ, "இன்னும் கொஞ்ச நாள்" என்றோ சொல்ல முடியும். நாயால் முடியாது. அதனால்தான் அதன் சார்பாக நாம் யோசிக்க வேண்டியிருக்கிறது. நியாயமாகச் செய்தால் அது பாவக் கணக்கில் வராது என்பது என் கருத்து. அது வளர்த்தவரின் கடைசிக் கடமை. நீங்கள் இயற்கையாகவே போகட்டும் என்று முடிவெடுத்தாலும் தப்பில்லை. ஆனால் வலி மருந்து கொடுக்காமல் கிடத்தி வைத்துவிட்டு அதை இயற்கை என்று சொல்லாதீர்கள்.

30/
இரண்டு எச்சரிக்கைகள்.

ஒன்று: நாய் திடீரென்று குணம் மாறி, எச்சில் ஒழுக்கி, விழுங்க முடியாமல், வாதம் வந்து இறந்தால் அது ரேபிஸாக இருக்கலாம். கட்டிப்பிடித்து அழுவதற்கு முன் யோசியுங்கள். அதன் எச்சில் காயத்திலோ வாய், கண்ணிலோ பட்டவர்கள், கடிபட்டவர்கள் உடனே சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். தடுப்பூசி இலவசம். இதில் நாளைக்குப் பார்க்கலாம் என்பதே கிடையாது.

இரண்டு: ஊசி போட்ட நாயின் உடலில் மருந்து தங்கியிருக்கும். மேலாகப் புதைத்தால் வேறு நாயோ காக்கையோ தோண்டித் தின்று சாகும். ஆழமாகப் புதையுங்கள். அல்லது தகன வசதி பற்றிக் கால்நடை மருத்துவரிடமே கேளுங்கள்.

31/
வீட்டில் குழந்தை இருந்தால்: "டாமியைத் தூங்க வெச்சிட்டாங்க" என்று சொல்லாதீர்கள். அந்தக் குழந்தைக்கு நாளைக்கு டான்சில் ஆபரேஷன் வரும். மயக்க மருத்துவர் அன்பாகக் குனிந்து, "உன்னைத் தூங்க வைக்கப் போறேன்" என்பார். குழந்தை அலறும்.

"டாமி இறந்துபோச்சு. அதுக்கு நோய் ரொம்ப முத்திடுச்சு, குணமாக்க முடியல. இனிமே வராது. நமக்கு ரொம்ப வருத்தமா இருக்கு." இது போதும். குழந்தைகள் உண்மையைத் தாங்குவார்கள். பொய்யைத்தான் தாங்க மாட்டார்கள்.

32/
பெரியவர்களுக்கு: 1989இல் கென்னத் டோகா என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு வகைத் துக்கத்தைப் பற்றி எழுதினார். ஊர் அங்கீகரிக்காத துக்கம். கருக்கலைந்த தாய், பிரிந்த காதலர், நாயை இழந்தவர் போன்றவர்களுடையது. துக்கம் விசாரிக்க ஆள் வராது, ஆபீஸில் லீவு கிடையாது, அழுதால் சிரிப்பார்கள். அதனாலேயே அது உள்ளே கிடந்து புண்ணாகும்.

தூக்கமில்லை, பசியில்லை, வாசலில் அது காத்திருப்பதுபோல் தோன்றுகிறது. சில வாரம் இப்படி இருப்பது இயல்பு. மாதக்கணக்கில் நீடித்தால், வேலை கெட்டால், வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினால், தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். "நாய் செத்துச்சு" என்று சொல்ல வெட்கப்பட வேண்டாம். எங்களுக்கு அது முழுமையான காரணம்தான்.

33/
பக்கத்து வீட்டுக்காரராக, உறவினராக இருப்பவர்களுக்கு: "வேற ஒண்ணு வாங்கிக்கலாம் விடு" என்று முதல் நாளே சொல்லாதீர்கள். ஒரு டீ போட்டுக் கொடுத்து, "பேர் என்ன? எத்தனை வருஷமா இருந்துச்சு?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவார்கள். அதுதான் துக்கம் விசாரிப்பது.

34/
எடுத்தனூர்க்காரர்கள் கோவிவன் பெயரைக் கல்லில் வெட்டினார்கள். ஆதகூரில் காளிக்கு நிலம் எழுதினார்கள். உங்களால் கல் நட முடியாவிட்டாலும், அது படுத்திருந்த இடத்தில் ஒரு செடி வைக்கலாம். அதன் கழுத்துப் பட்டையை எடுத்து வைக்கலாம்.

கடைசி நேரத்தில் முடிந்தால் அந்த அறையிலேயே இருங்கள். தலையைத் தடவிக்கொடுங்கள். அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். மருந்து வேலை செய்யும் வரைக்கும் அதற்குக் காது கேட்கும்.

இந்த முடிவை எடுக்க வேண்டிய வீடு உங்களுக்குத் தெரிந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள்.